நியூட்ரலில் வரும் சத்தம்

வண்டியில் கோளாறு என்று ஒர்க் ஷாப்புக்கு வருகிற யாரும் கோளாறைச் சொல்வதில்லை. சத்தத்தைத்தான் சொல்கிறார்கள். அதையும் வாயால் செய்து காட்டுகிறார்கள். “பிரேக் அடிச்சா கிரீச்சுங்குதுண்ணா.” “பள்ளத்துல எறங்குனா லொடக்குங்குது.” “அம்பதைத் தாண்டுனா ஊன்னு ஒண்ணு வருதுபா.” திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் சந்து ஒன்றில் மெக்கானிக் அண்ணனின் கடை இருக்கிறது. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கார், வேன், குட்டியானை என்று எல்லா வண்டிகளும் மனிதர்களின் வாய் வழியாகப் பேசுவதைக் கேட்கலாம். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார். “லொடக்கா, லொடலொடவா?”

அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. லொடக் என்றால் எங்கோ ஒரு புஷ் தேய்ந்து, வண்டி குலுங்கும்போது மட்டும் இடிக்கிறது. லொடலொட என்றால் சுற்றிக்கொண்டே இருக்கிற ஏதோ ஒன்றில் இடைவெளி விழுந்திருக்கிறது. முதலாவது சில நூறு ரூபாய், இரண்டாவது சில ஆயிரம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இரட்டைக்கிளவியைத் தனியாகவே எடுத்துப் பேசியிருக்கிறார். பிரித்தால் பொருள் தராது என்பது பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு மார்க்குக்கு எழுதிய விஷயம். ஒர்க் ஷாப்பில் அதுவே நோயைக் கண்டுபிடிக்கிற கருவி. கடகட, கரகர, நறநற, கிணிகிணி, தடதட. ஒவ்வொன்றுக்கும் ஒரு உலோகம் இருக்கிறது, ஒரு வேகம் இருக்கிறது.

என் சித்தப்பாவின் வண்டியில் போன வருஷம் வெயில் காலத்தில் வந்தது, கலகலவுக்கும் கடகடவுக்கும் நடுவில் ஒரு சத்தம். “தகர டப்பாவுல நாலு ஆணியைப் போட்டு ஆட்டுற மாதிரி கீது” என்றார். சொந்த வண்டி வைத்து கால் டாக்ஸி ஓட்டுகிறவர். பத்து வயதான டீசல் செடான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது.

சத்தத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் வராது. சென்ட்ரலுக்கு ஒரு சவாரி, விமான நிலையத்துக்கு ஒரு சவாரி போய்த் திரும்பி, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான் வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பக்கத்தில் நியூட்ரலில் நிற்கும்போது தொடங்கும். கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடும். காலை எடுத்தால் திரும்ப வரும். கியர் போட்டு நகர்ந்தால் காணாமல் போய்விடும்.

அவர் முதலில் காட்டிய இடத்தில் மூன்று நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. “மிதிச்சா நிக்குது, விட்டா வருது. அப்ப கிளட்ச்தானே?” கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றி, ஃப்ளைவீலைக் கடைசலுக்குக் கொடுத்து, கூலியும் சேர்த்து 28,000 ரூபாய். வண்டி இரண்டு நாள் நிற்கும். வண்டிக்கான மாதத் தவணை 11,400. வண்டி நின்றாலும் தவணை நிற்காது. அதே மாதம் தங்கையின் பாலிடெக்னிக் கட்டணமும் இருந்தது.

நான் மணலிப் பக்கம் சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள். குடும்பத்தில் எந்தப் பெரிய செலவு வந்தாலும் நோட்டுப் போட்டு எழுதுவது என் வேலை. 28,000 என்று எழுதிவிட்டு அதற்கு எதிரே எதைக் குறைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, தொகையைவிட அந்தக் காரணம்தான் உறுத்தியது. மிதித்தால் நிற்கிறது, அதனால் கிளட்ச். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளட்ச் என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்தால் அந்த நியாயம் தளர்ந்துவிடுகிறது.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற கதவுதான் கிளட்ச். காலை மிதியிலிருந்து எடுத்திருக்கும்போது கதவு சாத்தி, இரண்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன. மிதிக்கும்போது இணைப்பு விடுபடுகிறது. நியூட்ரலில் நிற்கிற வண்டியில் எதுவும் சுற்றவில்லை என்று நாம் நினைக்கிறோம். சக்கரம்தான் சுற்றவில்லை. கியர்பாக்ஸின் உள்ளே நுழைகிற தண்டும், அதோடு பல் கோத்திருக்கிற கியர்கள் எல்லாமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. இன்றைய கார்களில் முன்னால் போகிற கியர்கள் அத்தனையும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் இருக்கும். நாம் கியர் போடுவது அவற்றில் ஒன்றைத் தண்டோடு பூட்டுவது மட்டுமே.

ஆக, கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் நின்றால் ‘கிளட்ச் கெட்டுவிட்டது’ என்று பொருளில்லை. ‘சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிறது’ என்றுதான் பொருள். அடுத்த வீட்டுச் சண்டை நம் ஜன்னலைச் சாத்தியதும் கேட்காமல் போகிறது என்பதற்காக ஜன்னலைக் கழற்றி மாற்றுவதில்லை.

சும்மா இருக்கும்போது ஏன் சத்தம் வர வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டு கியர்களின் பற்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து இறுகிக்கொள்ளும். வண்டி இழுக்கும்போது ஒரு பல் இன்னொரு பல்லை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டே இருப்பதால் அந்த இடைவெளி தெரிவதில்லை. சுமை இல்லாதபோது பல் அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் தட்டுகிறது. தட்ட வைப்பது இன்ஜின். இன்ஜின் ஒரே சீராகச் சுற்றுகிற பொருள் இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடினால், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, அதாவது நொடிக்கு சுமார் 27 தள்ளு. ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு வேகம், அடுத்த தள்ளு வரும்வரை ஒரு தளர்ச்சி. பெட்ரோல் இன்ஜின் காற்றைப் பத்து மடங்கு அளவுக்கு அழுத்துகிறது என்றால் டீசல் 16 மடங்கு, 18 மடங்கு அழுத்தும். அதனால் தள்ளும் பெரிது, தளர்ச்சியும் பெரிது. இந்த ஏற்ற இறக்கத்தை ஃப்ளைவீலின் கனம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. கிளட்ச் பிளேட்டின் நடுவில் வட்டமாகப் பதித்திருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் கியர் பற்களுக்குப் போகிறது. காலையில் கியர் ஆயில் கெட்டியாக இருப்பதால் பல் தட்டுவது அமுங்கிவிடும். வெயிலில் ஓடி ஆயில் இளகியதும் வெளியே கேட்கும்.

இந்தச் சத்தம் ஓரளவு எல்லா வண்டியிலும் உண்டு. கார் கம்பெனிகள் இதை அடக்குவதற்கென்றே ஆள் வைத்து வேலை பார்க்கின்றன. ஜெர்மனியில் லுக் நிறுவனம் 1985-இல் பெரிய அளவில் செய்யத் தொடங்கிய இரட்டை ஃப்ளைவீல் முதன்மையாக இந்தக் கடகடப்புக்காகப் பிறந்ததுதான். ஃப்ளைவீலையே இரண்டு துண்டாக்கி நடுவில் நீளமான ஸ்பிரிங் வைத்துவிட்டார்கள். சித்தப்பாவின் வண்டியில் அது கிடையாது. ஆகவே எங்களுக்கு இருந்த கேள்வி சத்தம் ஏன் வருகிறது என்பதல்ல. இத்தனை நாள் இல்லாத சத்தம் இப்போது ஏன் கூடியிருக்கிறது என்பதுதான்.

*

மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போன அன்று அப்பாவும் கூட வந்தார். இந்தப் பகுதியில் வண்டி பற்றிப் பேசும்போது யாரையாவது ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. பிறகு அதுதான் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் செய்தது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் இன்றும் மெட்ரோ நிலையத்தில் விம்கோ நகராக நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக இரும்போடு இருந்த ஊர். எந்தத் தெருவிலும் லேத்தில் நின்றவர் ஒருவர், பெயின்ட் ஷாப்பில் இருந்தவர் ஒருவர் இருப்பார்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் 31 வருஷம் ஃபோர்ஜிங் பிரிவில் இருந்தவர். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்துச் சம்மட்டி இயந்திரம் அடிக்கிற இடம். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அடி விழும் ஓசையில் சின்ன மாற்றம் வந்தாலே அச்சில் விரிசல் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அந்தப் பேர் அவருக்கு உண்டு. அதை நம்பித்தான் சித்தப்பா, “ண்ணா, நீ ஒரு தபா வந்து கேட்டுப் பாரு” என்று கூப்பிட்டார்.

மெக்கானிக் அண்ணன் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. “ஆறிப்போன வண்டில இன்னா கேக்க முடியும்? எர்ணாவூர் வரைக்கும் போயிட்டு வா” என்று அனுப்பினார். திரும்பி வந்து நியூட்ரலில் நிறுத்தியதும் ஆணி டப்பா ஆடத் தொடங்கியது. அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். ஏ.சி. கம்ப்ரஸருக்கும் ஒரு சின்ன கிளட்ச் உண்டு, அது ஆடினாலும் இதே மாதிரிச் சத்தம் போடும். இரண்டு நிலையிலும் சத்தம் மாறவில்லை. அது இல்லை.

கிளட்ச் மிதியின் மேல் காலை லேசாக வைக்கச் சொன்னார். அழுத்தக் கூடாது, கால் விரலின் கனம் மட்டும். ரிலீஸ் பேரிங்கோ அதைத் தள்ளுகிற ஃபோர்க்கோ தளர்ந்து ஆடினால் அந்தச் சின்னத் தொடுகையிலேயே சத்தம் அடங்கிவிடும். அடங்கவில்லை. பிறகு முழுக்க மிதித்துப் பிடிக்கச் சொன்னார். ரிலீஸ் பேரிங் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போதுதான் கீச்சென்றோ கரகரவென்றோ கத்தும். கத்தவில்லை, அமைதி. அதுவும் இல்லை.

ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, கிளட்ச்சை மெல்ல விடச் சொன்னார். பிளேட் தேய்ந்து வழுக்கினால் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பிளேட் பிடித்தால் இன்ஜின் திணறி அணையும். அணைந்தது. “பிளேட்டு உயிரோடதான் கீது” என்றார்.

லேசாக ரேஸ் பண்ணச் சொன்னார். 1,000 சுற்றைத் தாண்டியதும் சத்தம் கரைந்தது. விட்டதும் வந்தது.

கடைசியில் நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனையை கியர்பாக்ஸ் கூட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக் கேட்டார். 1816-இல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். அந்தக் காகிதக் குழாயின் இரும்புத் தம்பிதான் இந்த ஸ்க்ரூ டிரைவர். “சத்தம் இங்கதான் கேக்குது, கியர்பாக்ஸ்ல. ஆனா பேரிங் கரகரப்பு இல்ல. பல்லு தட்டுது, அவ்ளோதான்” என்றார். “இனிமே பாக்கணும்னா பிளேட்டுல இருக்கிற ஸ்பிரிங்கைத்தான் பாக்கணும். அதுக்கு எறக்கணும்.”

இறக்கணும் என்றால் கூலி. இறக்கிய பிறகு ஸ்பிரிங் நன்றாக இருந்தாலும் கூலி போனது போனதுதான். அதனால்தான் இறக்கிய கையோடு எல்லாவற்றையும் மாற்றிவிடு என்கிறார்கள். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை அப்பாவிடம் நீட்டினார், மரியாதைக்காக. அப்பா வாங்கி ஊன்றிக் கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். அடுத்த காதில் வைத்துக் கேட்டார். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “எனக்கு ஒண்ணும் கேக்கலபா.”

சித்தப்பா சிரித்தார், அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து. எனக்குத் தெரியும். இரண்டு மூன்று வருஷமாகவே ஒர்க் ஷாப் மாதிரி இடங்களில் யார் பேசினாலும் நான் அவர் எதிரில் நின்று அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் அண்ணன் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் ராடின் குமிழ் மேல் உள்ளங்கையை வைத்தார், பிடிக்காமல், குழந்தையின் தலையில் வைப்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சொன்னார்.

“நொண்டுது.”

மெக்கானிக் அண்ணன் ஒரு வினாடி அவரையே பார்த்தார். பிறகு அவரும் குனிந்து குமிழின் மேல் கை வைத்தார். “ஆமா. நொண்டுது” என்றார். அடுத்து சொன்னதுதான் அன்றைய வாக்கியம். “கிளட்ச் நொண்டாதுண்ணா. இன்ஜின்தான் நொண்டும்.”

*

நொண்டுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நான்கு சிலிண்டரும் சமமாகத் தள்ளினால் நொடிக்கு 27 தள்ளு. அது கைக்கு ஒரே அதிர்வாக, ஒரு ரீங்காரம்போலத் தெரியும். நான்கில் ஒன்று பலவீனமாகத் தள்ளினால், அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு ஆறேழு தடவை திரும்ப வருகிறது. ஆறேழு என்பது கையால் தனித்தனியாக உணரக்கூடிய வேகம். நல்ல கால் மூன்று, இழுத்துப் போடுகிற கால் ஒன்று உள்ள குதிரை ஓடுவதுபோல. அந்த இழுப்பு ஒவ்வொரு முறை வரும்போதும் கியர் பற்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பின்வாங்கித் திரும்ப மோதுகின்றன. சத்தம் கியர்பாக்ஸில். கிளட்ச்சை மிதித்தால் நிற்கிறது. ஆனால் காரணம் இன்ஜினில்.

இவ்வளவு பெரிய குறையை இன்ஜின் ஏன் தானே காட்டவில்லை என்று கேட்கலாம். இப்போதைய டீசல் இன்ஜினில் உள்ள கணினி ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். ஒன்று குறைந்தால் அதற்குக் கொஞ்சம் அதிக டீசல் கொடுத்துச் சமன் செய்யப் பார்க்கும். ஓரளவுக்குள் இருக்கும்வரை டேஷ்போர்டில் விளக்கு எரியாது. முதல் இடத்தில் ஸ்கேனர் போட்டும் எந்தக் கோடும் வராததற்கு அதுதான் காரணம். வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் சொல்லாமல் பங்கு போட்டுக்கொள்வதுபோல. வெளியே தெரியாது. ஆனால் ஆணி டப்பா ஆடும்.

அண்ணன் இன்ஜினை அணைத்து, ஒரு இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார். வண்டி குலுங்கியது, நன்றாகவே மிஸ்ஸிங் அடித்தது. அந்த சிலிண்டர் வேலை செய்கிறது என்று பொருள். அடுத்ததைக் கழற்றினார், குலுங்கியது. மூன்றாவதைக் கழற்றியபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே பாதி வேலைதான் செய்துகொண்டிருந்ததை எடுத்துவிட்டால் என்ன தெரியப்போகிறது? நான்காவதில் திரும்பக் குலுங்கியது. பழைய டீசல் வண்டிகளில் பைப் நட்டை லூஸ் பண்ணிப் பார்ப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யக் கூடாது. 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறுகிற குழாய் அது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

அடுத்த சோதனைக்குக் காதும் வேண்டாம், கையும் வேண்டாம். ஒவ்வொரு இன்ஜெக்டரும் தனக்கு வந்த டீசலில் கொஞ்சத்தை ரிட்டர்ன் பைப் வழியாக டாங்கிக்குத் திருப்பி அனுப்பும். உள்ளே தேய்ந்த இன்ஜெக்டர் அளவுக்கு மீறித் திருப்பும். அண்ணன் நான்கு ரிட்டர்ன் முனைகளிலும் சின்ன டியூப் செருகி, நான்கு கண்ணாடி பாட்டில்களில் விட்டார். இன்ஜின் ஓடியது. நான்கு பேரும் குனிந்து பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று பாட்டில்களில் விரலளவு ஏறியபோது, மூன்றாவதில் பாதியைத் தாண்டியிருந்தது. அப்பாதான் முதலில் கையை உயர்த்தி மூன்று விரலைக் காட்டினார்.

அந்த இன்ஜெக்டரைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்துச் சரி செய்ததற்கும், பில்டர் மாற்றியதற்கும், கூலிக்கும் சேர்த்து 9,200 ரூபாய். வண்டி ஒரு நாள் நின்றது. திரும்ப மாட்டி, சூடாக்கி, நியூட்ரலில் விட்டபோது ஆணி டப்பா நின்றிருந்தது. உற்றுக் கேட்டால் இன்னும் லேசாக ஒரு சலசலப்பு உண்டு. “அது வண்டியோட மூச்சு. அதுக்கு மருந்து இல்ல” என்றார் அண்ணன்.

கிளட்ச்சும் ஒரு நாள் தேயும். அதற்கு அடையாளம் வேறு. மிதி வழக்கத்தைவிட மேலே வந்து பிடிக்கும். மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் வேகமெடுக்கும், வண்டி எடுக்காது. சில சமயம் கருகிய வாடை வரும். நின்ற இடத்தில் சத்தம் என்பது அந்தப் பட்டியலில் முதலில் வருவதில்லை. இதை நான் நோட்டில் தனியாக எழுதி சித்தப்பாவின் வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

*

அடுத்த வாரம் அப்பாவை ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அடிக்கடி அழுத்தினார். பிறகு நெடுநேரம் அழுத்தவே இல்லை. கையைப் பொத்தானின் மேலேயே வைத்துக் காத்திருந்தார்.

தாளில் வந்த கோடு 1,000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராகப் போகிறது. 2,000-இல் சரியத் தொடங்குகிறது. 4,000-இல் பள்ளம். 8,000-இல் சற்றே மேலே ஏறுகிறது. இரண்டு காதிலும் ஒரே மாதிரி. எந்த ஆலையில் எந்தச் சத்தத்தில் வேலை பார்த்தவருக்கும் பெரும்பாலும் பள்ளம் இந்த இடத்தில்தான் விழும் என்றார் பரிசோதித்தவர். நம் காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தத்தை அது தானாகவே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. அதனால் அதற்குச் சற்று மேலே உள்ள பகுதியின் மெல்லிய உணர்செல்கள் முதலில் சாகின்றன. திரும்ப முளைப்பதில்லை. ஸ்க்ரூ டிரைவரில் அப்பாவுக்கு ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போது புரிந்தது. எலும்பு வழியாகச் சத்தம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. வாங்கிக்கொள்கிற இடத்தில் ஆளில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் பாய்லர் செய்யும் தொழிலாளர்களைச் சோதித்து, இரும்பு வார்ப்பவர்களோடும் தபால்காரர்களோடும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். தபால்காரர்களுக்குக் கேட்டது பாய்லர்காரர்களுக்குக் கேட்கவில்லை. இந்தியாவில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களைப் பட்டியலிட்டது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் அதில் உண்டு. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரம்பு. சம்மட்டி இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவருக்கு அது 100-ஐத் தாண்டும். அப்பாவின் 31 வருஷத்தில் யாரும் அவரை இப்படி ஒரு அறையில் உட்கார வைத்துப் பொத்தானைக் கொடுக்கவில்லை. வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தது. அச்சில் விழும் விரிசலை அவர் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த விளக்கும் எரியவில்லை.

வீட்டிலோ அப்பாவுக்குக் கவனமில்லை என்றுதான் பேச்சு. சித்தி, “மாமாவுக்கு வேண்டியது மட்டும் கேக்கும்” என்பார். எங்கள் சண்டைகளில் பாதி அப்பாவின் காதில் கேட்டது, ஆனால் அங்கே தொடங்கவில்லை.

வெளியே வந்து ரிக்‌ஷா ஸ்டாண்டு பக்கத்தில் டீ குடிக்கும்போது, காதுக்குள் சத்தம் ஏதாவது வருகிறதா என்று டாக்டர் கேட்டதைத் திரும்பக் கேட்டேன். அவர் டாக்டரிடம் இல்லை என்று சொல்லியிருந்தார். இப்போது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வருது. கொய்யுனு ஒண்ணு” என்றார். எப்போதிலிருந்து? ரிட்டயர் ஆனதிலிருந்தாம். பகலில், ரோட்டில், ஆட்கள் நடுவில் இருக்கும்போது தெரியாது. ராத்திரி எல்லோரும் படுத்து, ஃபேன் சத்தம்கூட அடங்கின மாதிரி ஆனதும் வரும். “வண்டி மாதிரிதான்மா. ஓடும்போது ஒண்ணும் இல்ல. நியூட்ரல்ல போட்டா வருது.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

காது மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. அதுவரைக்கும் பரிசோதித்தவர் ஒரு விஷயம் சொல்லி அனுப்பினார். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த பகுதியில் இருக்கிறது, அது இவருக்குக் கேட்கும். க, ச, த, ப என்று வல்லினம் வெடிக்கிற கூர்மை மேல் பகுதியில் இருக்கிறது, அது போய்விட்டது. கடை, சடை, தடை, படை நான்கும் அவர் காதுக்கு ஏறக்குறைய ‘அடை’தான். கத்திப் பேசினால் ‘அ’தான் பெரிதாகும், ‘க’ வராது. அதனால் வெளிச்சத்தில், அவர் எதிரில் நின்று, உதடு தெரிகிற மாதிரி, நிதானமாகப் பேச வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சித்தியும் சமையலறையிலிருந்து கூப்பிடுவதை விட்டு, ஈரக்கையோடு கூடத்துக்கு வந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று, “சாப்பிட வரீங்களா மாமா?” என்கிறார். வீட்டில் இப்போது முன்பைவிடச் சத்தம் குறைந்திருக்கிறது.